மூன்றாம் ஓலைக்கு முன்

மக்கா,

அன்புள்ள மகளுக்கு என்று தொடங்கியிருந்தால், இது அப்பா எழுதியதுதானா என்று நீ அம்மாவிடம் போய்க் கேட்டிருப்பாய். அதனால் வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் இது. நீ வகுப்புக்குப் போயிருக்கிறாய். ஐந்தரை பஸ்ஸில் வந்து இறங்குவாய். அதற்குள் எழுதி முடித்து உன் மேஜையில் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று உன் அம்மா கேலி செய்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை என்றேன். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று ஊரையே அதட்டின ஆளுக்கா என்று அதற்கும் சிரித்தாள். ஆமாம், அந்த ஆளுக்குத்தான்.

தமிழில் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ நர்சிங் படிக்கப் போயிருந்த காலத்தில் போனில் அனுப்பின செய்தி எல்லாம் மலையாளத்தில்தான். வேறு வழி இல்லை, உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கேரளத்துப் பாறசாலையில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, சபையில் தமிழில் ஜெபம் பண்ணி வளர்ந்த பிள்ளைக்கு 'அ' எழுதத் தெரியாமல் போனதற்கு முழுப் பொறுப்பு நான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறபோது மலையாளம் படித்தால் சர்க்கார் வேலை கிடைக்கும், தமிழ் எங்கே போகப்போகிறது, வீட்டில் பேசுகிறோமே என்று நினைத்தேன். கணக்கு ஒன்றும் தப்பில்லை என்றுதான் அப்போது பட்டது. இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சபைக் கொயரில் பாடுகிற பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறதைப் பார்க்கும்போதெல்லாம் என்ன சாமர்த்தியம் என்று நான் பெருமைப்பட்டதுண்டு. வெட்கப்பட வேண்டிய இடத்தில் பெருமைப்படுவது எனக்கு நன்றாகக் கைவந்த வித்தை.

நர்சிங்கை நீ கேட்கவில்லை. நான்தான் சேர்த்தேன். என் அக்காவின் மகள்கள் இரண்டு பேரும் நர்சாகி வெளிநாடு போனபிறகு, குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர்கள் பேச்சுத்தான். நம் பிள்ளைக்கு என்ன குறை என்று எனக்கு ஒரு வாசி, ஒரு வீம்பு. நீ முதல் வருஷமே போனில் சொன்னாய், வார்டில் நிற்கும்போது கை நடுங்குகிறது அப்பா, தூக்கம் வரவில்லை என்று. எல்லாருக்கும் முதலில் அப்படித்தான், பழகிவிடும் என்றேன். திரும்பவும் சொன்னாய். திரும்பவும் அதையே சொன்னேன். பஸ்ஸில் உள்ளே இடம் இருக்கிறது, தள்ளிப் போங்கள், தள்ளிப் போங்கள் என்று கத்திக் கத்தி, உள்ளே நிற்கிற ஆளுக்கு மூச்சு முட்டுகிறதா என்று பார்க்காமலே பழகிப்போனவன் நான். இரண்டாம் வருஷம் பாதியில் நீ பெட்டியோடு வந்து வாசலில் நின்றாய். உன்னை உள்ளே வா என்று சொல்வதற்கு முன்னால் நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கும். "ஆராவது கண்டாவளா?" என்றுதான் கேட்டேன். அதற்காக உன்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அதற்குப் பிறகு நீ பல மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொயருக்கு மட்டும் போவாய். ஒருநாள் வெளியூரிலிருந்து ஒருவர் புதுப் பாட்டு பழக்க வந்தார். அவர் அச்சடித்த தமிழ்த் தாளை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் பாடச் சொல்லியிருக்கிறார். நீ சும்மா வாயை அசைத்து நின்றுவிட்டு வந்தாய். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சண்டைக்கு நின்றாய். "நான் பேசுத பாஷைய வாசிக்க எனக்கு அறியாது. அதுக்க அர்த்தம் நிங்களுக்கு மனசிலாவுதா அப்பா? கண்ணுக்கு முன்னால எனக்க வாயில உள்ள பாட்டு கெடக்குது, எனக்கு அத வாசிக்க அறியாது!" பல மாதத்துக்குப் பிறகு உனக்குக் கோபம் வந்ததே, அதுவே பெரிய காரியம் என்று உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை. சோறு வை என்றேன்.

அடுத்த மாதமே தமிழ் சொல்லித் தருகிற அந்தச் சமுதாயக் கல்லூரியை நீயே விசாரித்துக் கண்டுபிடித்தாய். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நாலு ஸ்டாப், கீழே உரக்கடை, மேலே மாடியில் வகுப்பு. கூடப் படிக்கிறவர்களைப் பற்றி நீ அம்மாவிடம் சொல்வதைக் காதில் வாங்கியிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர், தையல் கடை வைத்திருக்கிற ஒரு பெண், ஓட்டத்துக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு வந்து உட்காருகிற ஒரு ஆட்டோ டிரைவர். இது ஒரு காலேஜா, இதைப் போய் வெளியே சொல்ல முடியுமா என்று எனக்கு எரிச்சல். ஆறு மாதம் எழுத்துப் பழகி, அதன்பிறகு கவிதை, கதை என்று நீ மேலே போனாய். வீட்டில் உன் சத்தம் திரும்பி வந்தது. சாப்பிடுகிறபோது ஏதாவது ஒரு வரியைச் சொல்லி அம்மாவைச் சிரிக்க வைப்பாய். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டுவேன். யாராவது கேட்டால் பிள்ளை லீவில் வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு வருஷம் எந்த ஆஸ்பத்திரி லீவு கொடுக்கும் என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டார்களே தவிர, நம்பியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் குடையை உரக்கடைக்காரரிடம் யாரோ கொடுத்துவிட்டுப் போனதாக நீ வந்து சொன்னாயே, அது நான்தான். அம்மா பிடித்துத் தள்ளி அனுப்பினாள். மாடிப்படியில் பாதி வரைக்கும் ஏறினேன். உள்ளே ஏதோ ஒரு கதையைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மகளை வீட்டை விட்டு வெளியே விடாத ஒரு அப்பன் அந்தக் கதையில் வருகிறான் போலிருக்கிறது. அவன் கொடூரன் என்று தபால்காரர் அடித்துச் சொன்னார். அதற்கு நீ, "கொடூரன் ஒண்ணும் இல்ல சார், அந்த ஆளுக்கு பேடியாக்கும். பேடிய வெளிய காட்ட அறியாம சத்தம் போடுதாரு" என்றாய். அதைக் கேட்டதும் வந்த வழியே படியிறங்கிவிட்டேன். எனக்கு இருப்பது பயம் என்று உன் அம்மாகூட என்னிடம் சொன்னதில்லை. குடையைக் கீழே கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே பஸ் ஏறினேன். அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. ஆரியங்கோட்டிலிருந்து சம்பந்தம் வந்தபோது தரகரிடம் நான் கொடுத்தது உன் பழைய விவரத்தாள். அதில் பி.எஸ்சி. நர்சிங் என்று இருந்தது. பையன் ஜெபின் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான், நர்ஸ் பெண்ணாக இருந்தால் அங்கேயே வேலை வாங்கிவிடலாம் என்று அவனுடைய அம்மா பெண் பார்க்க வந்த அன்றைக்கே வெளிப்படையாகச் சொன்னார். "படிப்பு முடிச்சாச்சுல்லா?" என்று என்னைக் கேட்டார். "முடிச்சாச்சு" என்றேன். ஒரே ஒரு வார்த்தை. நீ சாயாத் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்தாய். தட்டை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். அத்தனை பேர் நடுவில் என்னைப் பொய்யனாக்க வேண்டாம் என்று நீ பேசாமல் நின்றாய். எனக்காக நீ அடக்கிக்கொண்டதை நீயும் சம்மதித்துவிட்டாய் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் போனபிறகு நீ சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறேன். "எனக்கு அவர பிடிச்சிருக்கு. நிங்க சொன்னத பிடிக்கல்ல. கல்யாணத்துக்கு முன்ன நிங்களே போய் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், அது நிங்களுக்க பொய்யாக்கும்." ஆகட்டும் மக்கா, சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சமயம் பார்ப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமே. நிச்சயம் முடிந்தது. கார்டு அச்சுக்குப் போனது. சபையில் ஓலை வாசிக்கக் கொடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப்போகிறது என்று பெண்ணின் சபையிலும் பையனின் சபையிலும் ஜனங்களுக்கு முன்னால் அறிவிக்கிற ஓலை. நம் சபையில் படிப்பையும் வேலையையும் சேர்த்து வாசிக்கிற வழக்கம் எப்போதோ வந்துவிட்டது. யார் வீட்டுப் பிள்ளை என்ன படித்திருக்கிறது என்று சபைக்குத் தெரிய வேண்டாமா! முதல் ஞாயிறு உபதேசியார் உன் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. நர்சிங் என்று வாசித்தார். நீ கொயரில் இரண்டாம் வரிசையில் நின்றாய். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். இரண்டாம் ஞாயிறும் அதே வாசிப்பு, அதே பாட்டுப் புத்தகம். வீட்டுக்கு வரும் வழியில் உன் அம்மா, "ஒரு பொய்ய எத்தன நாளு சோறு போட்டு வளக்கப் போறிய?" என்று கேட்டாள். நான் வேகமாக முன்னால் நடந்தேன்.

வியாழக்கிழமை அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் மூன்றாம் ஞாயிறும் அப்படியே போயிருக்கும். உண்மையை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஜெபினின் அம்மா கூப்பிட்டார். நீ காய் அரிந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாய். "மோளே, பிரஷருக்க மாத்திரை தின்னா தலை சுத்துது. பாதியாட்டு தின்னா போருமா, இல்ல நிப்பாட்டட்டா? டாக்டர காண காட்டாக்கடை வரைக்கும் போவண்டாமே. வீட்டுல ஒரு நர்சு வரும்போ நமக்கென்ன பேடி?" என்றார். நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, ஒண்ணும் நிப்பாட்டாண்டாம், பாதியாக்கவும் செய்யாண்டாம். அத சொல்ல எனக்கு அறியாது. இன்னைக்கே டாக்டர காணுங்க. நான் வேணும்ணா பொறவு விளிச்சுக் கேக்குதேன்" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே, "அறியாதுண்ணா? என்ன அடக்கம் பாரு" என்று வைத்துவிட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். "நான் வீட்டுல இல்லாத நேரம் அவிய விளிச்சா, நிங்க என்ன சொல்லுவிய அப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். சாயங்காலம் நீ திரும்பவும் கூப்பிட்டு, அவர் டாக்டரைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் சாப்பிட்டாய். என் கௌரவத்துக்காக நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒரு மனுஷி மருந்தை நிறுத்தியிருப்பாள். அது எனக்கு அன்றைக்கு உறைத்தது.

நேற்று நெய்யாற்றின்கரைக்கு ஒரு விஷயமாகப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, அதுவும் பொய். கடைசிப் பொய்யாக இருக்கட்டும். இரண்டு பஸ் மாறி ஆரியங்கோட்டுக்குப் போனேன். அந்த அம்மா முற்றத்தில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று. நர்சிங் முடிக்கவில்லை, பாதியில் நின்றுவிட்டாள், பிள்ளை பொய் சொல்லவில்லை, சொன்னது நான், இப்போது தமிழ் இலக்கியம் படிக்கிறாள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் கையில் இருந்த ஷீட்டைக் கொடியில் போட்டு, இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சரியாக்கினார். எனக்குச் சாயா வரவில்லை, அது நியாயம்தான்.

பிறகு கேட்டார். "நான் அந்த பிள்ளைட்ட மாத்திரை நிப்பாட்டட்டாண்ணு கேட்டேன். அது நிங்கள மாதிரி ஒண்ணு பறஞ்சிருந்தா?" என் பதிலுக்கு நிற்காமல், "எனக்க மோனுக்கு இது அறியுமா?" என்று அங்கேயே போன் போட்டார். ஜெபின், முதல் வாரமே தனக்குத் தெரியும் என்றும், நீ சொன்னாய் என்றும், பெண்ணின் அப்பா வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன் என்றும் சொன்னான். நீ அவனிடம் சொன்னது எனக்கு அப்போதுதான் தெரியும். நல்ல காரியம் செய்தாய். உன் பங்கை நீ மறைக்கவில்லை, என் பங்கை என்னிடமே விட்டுவைத்தாய். கூட வாழப்போகிறவனிடம் எதையும் சமயம் பார்த்துச் சொல்லாதே என்று உனக்குப் புத்திமதி எழுத நினைத்திருந்தேன். அதற்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

அந்த அம்மாவுக்கு மகன் மேலும் கோபம், என் மேலும் கோபம். "வேல இல்லாத பிள்ள மஸ்கட்டுல போய் என்ன செய்யும்? கதையும் பாட்டும் படிச்சிட்டு இருக்குமா?" என்றார். அங்கே எனக்கு ஒரு ரோஷம் வந்தது மக்கா. பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறது, அதை எழுதாமல் அவள் எங்கேயும் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். குற்றவாளியாக நிற்கிற ஆள் பேசுகிற பேச்சா அது? ஆனால் உன் படிப்புக்காக நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு அவர், "இத முதல்ல வந்த அன்னைக்கே இந்த மாதிரி சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்ணா சொல்லியிருப்பேன்?" என்றார். சொல்லியிருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. கடைசியில் அவர் சொன்னது இது. "ரெண்டு சபையிலயும் பொய்ய வாசிச்சாச்சு. மூணாவது ஓலைய ரெண்டு சபையிலயும் திருத்தி வாசிக்கட்டு. கேட்டதுக்குப் பொறவு கல்யாணத்தப் பத்தி பேசலாம்." நடக்கும் என்றும் சொல்லவில்லை, நடக்காது என்றும் சொல்லவில்லை.

ஆக, கல்யாணம் நிற்கலாம். உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தும் இந்த நிலைமையில் உன்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். நின்றுபோனால் அது உன் குறையால் இல்லை, உன் படிப்பால் இல்லை. இதை நீ எப்போதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் உன் படிப்பைக் காரணம் காட்டும். என் அக்கா வீட்டிலிருந்து போன் வரும், நர்சிங்கை முடித்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ பரீட்சைக்குப் படி. கல்யாணம் நடந்தாலும் பரீட்சை எழுதிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். ஜெபின் நல்லவன், உனக்காகக் காத்திருப்பான் என்று நினைக்கிறேன். காத்திருக்காவிட்டால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இன்று காலையில் உபதேசியாரைப் பார்க்கப் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் தோளில் கை போட்டார். "அண்ணே, எதுக்கு நாணம் கெடணும்? ரெண்டு பேருக்க படிப்பையும் விட்டுட்டு பேர மட்டும் வாசிக்குதேன். ஆரும் கவனிக்க மாட்டாவ" என்றார். நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கு ஆசையாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். சரி என்று சொல்லிவிட்டு வாசல் வரை வந்துவிட்டேன். அப்புறம் திரும்பிப் போய், வேண்டாம், சரியாக எழுதித் தருகிறேன், வாசிப்பதற்கு முன்னால் நானும் எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்றேன். போதகரிடமும் அனுமதி வாங்கியாகிவிட்டது. ஆரியங்கோட்டுச் சபைக்கு உபதேசியாரே இன்று சாயங்காலம் போனில் சொல்லிவிடுவார். நாளை நான் நிற்கும்போது கொயரில் நீ தலை குனியாதே. குனிய வேண்டிய ஆள் நான் ஒருத்தன் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஓலைக்கான தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். உன் பெயர் எழுதினேன். வீட்டுப் பெயர், என் பெயர், அம்மா பெயர், ஊர். படிப்பு என்ற இடம் வந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது மக்கா. உன் படிப்பின் பெயர் எனக்குத் தெரியவில்லை. டிகிரியா, டிப்ளமாவா, இரண்டு வருஷமா, மூன்றா, எதுவும் தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஊர் முழுவதும் அதை மறைத்துக்கொண்டு திரிந்தவனுக்கு மறைத்தது என்னவென்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். "தமிழாக்கும், வேற என்ன?" என்றாள். அவளிடம் நீ விளக்கமாகச் சொல்லியிருப்பாய், அவளுக்கு வாயில் வரவில்லை. என்னிடம் நீ சொன்னதே இல்லை, நான் கேட்டதே இல்லை என்பதால்.

அந்தத் தாளை இந்தக் கடிதத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். படிப்பு என்ற இடம் காலியாக இருக்கிறது. உன் கையால் நீயே எழுது. தமிழில் எழுது. எழுதிவிட்டு என்னிடம் வந்து அதை ஒரு தடவை வாசித்துக் காட்டு. நாளை சபையின் முன்னால் நான் அதை நாக்குத் தடுக்காமல் சொல்லப் பழக வேண்டும்.

அப்பா